தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும்

போன மாதம் நம் வாசிப்பு வட்டத்தில் ஒரு சின்னப் படத்துண்டைப் போட்டுக் காட்டினேன். 2018-ல் அமெரிக்காவில் வெளியானது. இரண்டு நிமிடம்கூட ஓடாது. ஏதோ ஒரு ஊர்த் தொலைக்காட்சியின் செய்தி வாசிப்பாளர் பேச ஆரம்பிக்கிறார். பாதியில் வேறு ஊர், வேறு முகம். ஆனால் அதே வாக்கியம் தொடர்கிறது. பிறகு இன்னொரு ஊர். கடைசியில் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக ஏகப்பட்ட வாசிப்பாளர்கள். வெள்ளையர், கறுப்பர், ஆண், பெண் எல்லோரும் ஒரே வார்த்தைகளை ஒப்பிக்கிறார்கள். பொய்ச் செய்தி பரவுகிறதாம், அது சனநாயகத்துக்கே ஆபத்தாம்! இதை எழுதிக் கொடுத்தது சின்க்ளேர் என்ற ஒரே கம்பெனி. அன்றைக்கு அதன் கையில் இருநூறுக்குச் சற்றுக் குறைவான நிலையங்கள் இருந்தன.

பையன்கள் சிரித்தார்கள். சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "அமெரிக்காக்காரன் டிவி நியூஸ் எப்படிப் போனா நமக்கென்ன தோழர்? நம்ம சேரிக்குள்ள எந்த டிவிக்காரன் வந்தான்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. ஏகபோகம், முதலாளியம் என்று நாலு பெரிய வார்த்தைகளைப் போட்டுச் சமாளித்துவிட்டேன். அந்தத் தங்கைக்கு நான் பட்ட கடன்தான் இந்தத் தலையங்கம்.

பதிலை மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகரான ஜாக்சனிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே 1953-ல் டபிள்யூ.எல்.பி.டி. என்ற தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அதன் சொந்தக்காரர் ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி. நிலையத்தின் ஒளிபரப்பு எல்லைக்குள் வாழ்ந்தவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் கறுப்பர்கள். கிட்டத்தட்ட பாதி ஊர். ஆனால் திரையில் அவர்கள் இல்லை. 1955-ல் கறுப்பர்களுக்காக வழக்காடிய தர்குட் மார்ஷல் என்.பி.சி. நிகழ்ச்சியொன்றில் தோன்றினார். உடனே ஜாக்சன் மக்களின் திரையில் கேபிள் பழுது, வருந்துகிறோம் என்று ஒரு பலகை வந்து நின்றது. பழுதுமில்லை, ஒன்றுமில்லை. நிலைய மேலாளர் நிறவெறி அமைப்பான வெள்ளைக் குடிமக்கள் மன்றத்தில் உறுப்பினர். அதைச் செய்தது தான்தான் என்று அந்த மன்றத்திலேயே பெருமையடித்துக்கொண்டவர்.

ஜாக்சனில் கறுப்பர் இயக்கத்தைக் கட்டிய மெட்கர் எவர்ஸ் விடவில்லை. மேயர் தொலைக்காட்சியில் வந்து இயக்கத்தைத் திட்டினார் என்றால், பதில் சொல்ல எங்களுக்கும் நேரம் கொடு என்று முறையிட்டார். எத்தனையோ இழுபறிக்குப் பிறகு 1963 மே 20 அன்று அதே நிலையத்தில் 17 நிமிடம் பேசினார். ஒரு கறுப்பர் தன் ஊர்த் திரையில் தோன்றி, தன் தெரு எப்படி இருக்கிறது என்று தன் வாயால் சொன்னார். மூன்று வாரம் கழித்து, ஜூன் 12 பின்னிரவில், தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1964 மார்ச்சில் ஒரு வேலை நடந்தது. ஐக்கிய கிறிஸ்து சபையின் தகவல் தொடர்புப் பிரிவை நடத்திய எவரெட் பார்க்கர் ஒரு ஏற்பாடு செய்தார். ஜாக்சனிலேயே வாழ்ந்த சில வெள்ளையர்கள் ரகசியமாக உட்கார்ந்து, ஒரு வாரம் முழுக்க அந்த நிலையத்தின் ஒளிபரப்பைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். யார் பேசினார்கள், யார் பேசவில்லை, கறுப்பர் எத்தனை முறை வந்தார், என்ன மரியாதையில் குறிப்பிடப்பட்டார் என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். பேர் வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. அந்தக் குறிப்புகளை ஆதாரமாக வைத்து, கறுப்பர் தலைவர்களான ஆரன் ஹென்றியும் பாதிரியார் ராபர்ட் ஸ்மித்தும் பார்க்கரின் அமைப்போடு சேர்ந்து எஃப்.சி.சி.யிடம் மனு போட்டார்கள். அது அமெரிக்காவில் ஒலி, ஒளிபரப்புக்கு உரிமம் கொடுக்கும் மத்திய ஆணையம். இந்த நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்காதே என்பதுதான் கோரிக்கை.

ஆணையம் என்ன சொன்னது தெரியுமா? உங்களுக்கு இதில் வழக்காட உரிமையே இல்லை என்றது. இன்னொரு நிலையத்துக்காரன் எனக்கு வியாபார நஷ்டம் என்று வந்தால் கேட்கலாம், என் அலைவரிசையில் குறுக்கீடு என்று வந்தாலும் கேட்கலாம். பார்க்கிறவனுக்கு என்ன நஷ்டம்? நம் ஊர்த் தாலுகா ஆபீசில் கேட்கிற குரல்தான்: "நீ யாருய்யா கேக்குறதுக்கு?"

1966-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குரலுக்குப் பதில் சொன்னது. பார்க்கிறவனுக்குக் கேட்க உரிமை உண்டு என்றது. தீர்ப்பெழுதிய வாரன் பர்கர் ஒன்றும் புரட்சிக்காரர் இல்லை. மூன்று வருடம் கழித்து நிக்சன் தலைமை நீதிபதியாக உட்காரவைத்த பழமைவாதி. அவருக்கே அந்த அநியாயம் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகும் ஆணையம் உரிமத்தைப் புதுப்பித்தது. 1969-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1971-ல் லாபநோக்கமில்லாத ஒரு அமைப்பு நிலையத்தை நடத்த வந்தது. 1972-ல் வில்லியம் டில்டே என்ற கறுப்பர் பொது மேலாளரானார். அமெரிக்காவில் ஒரு வணிகத் தொலைக்காட்சி நிலையத்துக்குக் கறுப்பர் ஒருவர் பொது மேலாளரானது அதுதான் முதல் தடவை. பழுது என்று பலகை மாட்டிய அதே நிலையத்தில்!

தோழர்களே, இந்தக் கதையை வெற்றிக் கதையாக மட்டும் படித்து மூடிவிடக் கூடாது. அவர்களால் எப்படி ஜெயிக்க முடிந்தது? நிலையம் அந்த ஊரில் இருந்தது. அதற்கு ஒரு கட்டடம், ஒரு மேலாளர், ஒரு முகவரி இருந்தது. வான்அலை மக்கள் சொத்து, அதை வாங்கிக்கொண்டவன் அந்த ஊருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க அவன் கை நீட்டி நிற்க வேண்டியிருந்தது. மூடிய கதவுதான், ஆனால் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. பத்து வருடம் தட்டித் திறந்தார்கள்.

அதற்கப்புறம் வந்தவர்கள் அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போனார்கள். அதைத்தான் சிக்கனம் என்றும் செயல்திறன் என்றும் பேர் சொல்கிறார்கள்.

செய்தியின் வடிவம் எப்படி மாறியது என்று முதலில் பார்ப்போம். 1965-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஆல் ப்ரைமோ என்ற செய்தி இயக்குநர் 'ஐவிட்னஸ் நியூஸ்' என்ற புது வடிவத்தைக் கொண்டுவந்தார். அதுவரை ஒரு ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிப்பார். இவரோ நிருபரையே களத்திலிருந்து பேசவைத்தார். அதற்குத் தனிச் சம்பளம் தர வேண்டியதில்லை என்பதைத் தொழிற்சங்க ஒப்பந்தத்தைப் படித்துக் கண்டுபிடித்தார். அதாவது முதல் பெரிய மாற்றத்திலேயே காசுக் கணக்கும் இருந்தது.

அதனால் கெட்டது மட்டும்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நிருபர்கள் திரைக்கு வந்தபோது, இதுவரை பார்க்காத முகங்களும் கொஞ்சம் வந்தன. 1967-ல் நகரங்கள் பற்றியெரிந்த பிறகு அரசு அமைத்த கெர்னர் ஆணையம், பத்திரிகையும் தொலைக்காட்சியும் வெள்ளைக் கண்ணால் மட்டுமே பார்க்கின்றன என்று 1968-ல் சொன்னதும் ஒரு காரணம். நியூயார்க்கில் மெல்பா டாலிவர் என்ற கறுப்புப் பெண் நிருபர் 1971-ல் தன் சுருள்முடியை நீட்டாமல் இயல்பாகவே வைத்துக்கொண்டு வந்தார். நிலையம் அவரைத் திரையிலிருந்து ஒதுக்கப் பார்த்தது. விஷயம் வெளியே தெரிந்ததும் பின்வாங்கியது. இவையெல்லாம் நடந்தன. மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 1970-ல் அதே ஃபிலடெல்ஃபியாவில் இன்னொரு நிலையம் 'ஆக்‌ஷன் நியூஸ்' என்று ஆரம்பித்தது. சின்னச் சின்னச் செய்தி, வேகம், படம், இசை. அது நன்றாக ஓடியது. ஆலோசனைக் கம்பெனிகள் அந்த அச்சை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றன. சிட்டிங் முதல் சிரிப்பு வரை எல்லாம் ஒரே மாதிரி. நகராட்சிக் கூட்டம் போரடிக்கும், தள்ளு. பள்ளிக்கூடம், வீட்டுவசதி, கூலி? படம் கிடைக்காது, தள்ளு. மிச்சம் என்ன? தீ, விபத்து, கொலை, கொள்ளை.

இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். உலகத்திலேயே மலிவான செய்தி எது? போலீஸ் கொடுக்கிற செய்தி. செய்தி அறையில் போலீஸ் வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்கும் கருவி ஒன்று எந்நேரமும் கரகரத்துக்கொண்டிருக்கும். சம்பவ இடம் தெரிந்துவிடும். வண்டி போகும், மஞ்சள் நாடா கட்டியிருப்பார்கள், அதிகாரி பேட்டி கொடுப்பார், கைதானவனின் புகைப்படத்தையும் அவர்களே தருவார்கள். அலைச்சல் இல்லை, விசாரணை இல்லை, செலவு இல்லை. ஒரு நிருபரை ஆறு மாதம் ஒரு சேரியில் அலையவிட்டால் சம்பளம் கொடுக்கணும். போலீஸ் செய்தி இலவசம். ஆள் குறையக் குறைய இந்த இலவசச் செய்தியின் பங்கு கூடிக்கொண்டே போகும். 2005-ல் சான்ஃபிரான்சிஸ்கோவின் க்ரான் நிலையம் நிருபர், கேமராக்காரர், படத்தொகுப்பாளர் என்ற வேலைகளை ஒரே ஆள் தலையில் கட்டியது. இன்று இது சாதாரண நடைமுறை. ஒத்தை ஆளாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளில் இரண்டு செய்தி கொடுக்க வேண்டியவன் யாரிடம் போவான்? அதிகாரியிடம்தான்.

இதன் விளைவு என்ன என்று ஃப்ராங்க் கில்லியம், ஷாண்டோ ஐயங்கார் என்ற இரண்டு பேராசிரியர்கள் சோதித்து 2000-ல் வெளியிட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸ்காரர்களுக்கு உள்ளூர்ச் செய்தி ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பிரிவினர் பார்த்ததில் குற்றம் மட்டும் உண்டு, குற்றவாளியின் முகமே கிடையாது. பிறகு கேட்டபோது அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர், அவன் கறுப்பன் என்றார்கள். காட்டாத முகத்தைப் பார்த்திருக்கிறார்கள்! வருடக்கணக்கில் தினமும் பார்த்த செய்தி அந்த முகத்தை அவர்கள் மூளைக்குள்ளேயே வைத்துவிட்டது.

நம் ஊரில் நான் பார்த்ததை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஊரில் குளத்தில் மாடு குளிப்பாட்டிய தகராறில் சேரிக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். அன்று ராத்திரி ஒரு தொலைக்காட்சியில் ஓடிய வரி: இரு தரப்பினரிடையே மோதல். நான் அந்தப் பகுதி நிருபரைத் தேடிப் போய்க் கேட்டேன். தம்பி நல்ல பையன்தான். "அண்ணே, செய்திக்கு இவ்வளவுன்னுதான் குடுக்குறாங்க. பெட்ரோல் காசுகூட வராது. இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டேன், அவர் சொன்னதப் போட்டேன்" என்றான். அவனை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்? இன்ஸ்பெக்டரின் வாயில் 'இரு தரப்பு' என்று வந்தது, அந்த மலிவு வழியாகவே நம் வீட்டுத் திரைக்கும் வந்துவிட்டது.

இப்போது செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பெரிய நகரங்களில் ஒன்று. அங்கே ஏ.பி.சி. வலையமைப்பின் நிலையமான கே.டி.என்.எல். சின்க்ளேருக்குச் சொந்தம். 2001 அக்டோபரில் சிக்கனம் என்று சொல்லி அந்த நிலையத்தின் செய்திப் பிரிவை மூடினார்கள். பல வருடம் கழித்து, 2011-ல் செய்தி திரும்ப வந்தது. ஆனால் எங்கிருந்து? வேறொரு மாநிலமான அயோவாவில் டாவன்போர்ட் என்ற ஊரில், பல ஊர்களுக்குச் செய்தி தயாரித்து விற்கும் ஒரு கம்பெனியிலிருந்து! செயின்ட் லூயிஸ் தெருப் பெயர்களை டாவன்போர்ட்டில் உட்கார்ந்து வாசித்தார்கள். 2014 தொடக்கத்தில் அதையும் நிறுத்தினார்கள். அதே நகரத்தில் 2 ஆம் சேனலும் 11 ஆம் சேனலும் 2008-லிருந்து ஒரே செய்தி அறையைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன.

2014 ஆகஸ்ட் 9 அன்று அந்த நகரத்தை ஒட்டிய ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பு இளைஞனை ஒரு வெள்ளைப் போலீஸ்காரன் சுட்டுக் கொன்றான். உடல் நாலு மணி நேரம் வெயிலில் ரோட்டில் கிடந்தது. ஊர் வெடித்தது. உலகத்துக் கேமராவெல்லாம் அங்கே வந்தது. மற்ற உள்ளூர் நிலையங்களும் இரவு பகலாக நின்றன, மறுக்கவில்லை. கே.டி.என்.எல்.லுக்கு அனுப்புவதற்குச் செய்திப் பிரிவே இல்லை. அடுத்த வருடம், 2015-ல், அவர்கள் தொடங்கியது என்ன? ஒரு வலதுசாரி வானொலிப் பேச்சாளரை உட்காரவைத்து ஒரு பேச்சு நிகழ்ச்சி. நிருபர் வேண்டாம், கேமராவோடு அலைய வேண்டாம். ஒரு மேசை, ஒரு வாய் போதும். 2018-ல், பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூட்டில் தப்பித்த ஒரு மாணவனை மிரட்டிக் கேவலமாக எழுதி, அந்த ஆள் மாட்டிக்கொண்ட பிறகுதான் அது நின்றது.

ஆனால் என் புகார் 2014 ஆகஸ்ட் பற்றியதல்ல. அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றியது. 2015 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஃபெர்குசன் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. ஊரில் கறுப்பர் 67 சதவீதம். 2012-லிருந்து 2014 வரை போலீஸ் நிறுத்திய வண்டிகளில் 85 சதவீதம் கறுப்பருடையது, வழக்கெழுதியதில் 90 சதவீதம், கைதில் 93 சதவீதம். ஏன்? நகராட்சியின் கஜானாவை அபராதத்தால் நிரப்பினார்கள். இன்னும் அதிகமாக வழக்கெழுதச் சொல்லி நகராட்சியின் நிதி அதிகாரியே போலீஸ் தலைவரை நெருக்கியிருக்கிறார். ஒரு கறுப்புப் பெண் 2007-ல் வண்டியைத் தப்பாக நிறுத்தியதற்காக 151 டாலரும் கட்டணமும் கட்டச் சொன்னார்கள். ஏழை, கட்ட முடியவில்லை. ஆறு நாள் சிறையில் இருந்தார். ஏழு வருடத்தில் 550 டாலர் கட்டினார். அதற்கப்புறமும் 541 டாலர் பாக்கி என்று கணக்குக் காட்டினார்கள்.

இது ரகசியமா? இல்லை. நகராட்சி வரவுசெலவுத் திட்டத்தில் அச்சடித்து வைத்திருந்தார்கள். அந்த நீதிமன்றம் பொதுமக்கள் முன்னால்தான் நடந்தது. வாரம் ஒரு சாயங்காலம் ஒரு நிருபர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பின் பெஞ்சுதான் வெட்டப்பட்டது. எந்தக் கம்பெனியும் கறுப்பருக்கு எதிராக வெட்டுகிறோம் என்று சொல்லி வெட்டவில்லை. செலவு அதிகம் என்றுதான் வெட்டினார்கள். ஆனால் அந்தச் சிக்கனத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? மேயருக்குத் தன் பேச்சை மக்களிடம் சேர்க்க ஆயிரம் வழி இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இருந்தது அந்தப் பின் பெஞ்சு ஒன்றுதான்.

வெட்டு எங்கே முதலில் விழும் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். 2006-ல் என்.பி.சி. யூனிவர்சல் பெரிய ஆட்குறைப்பு அறிவித்தது. அதன் ஸ்பானிய மொழி நிலையங்களில் ஹூஸ்டன், சான் அன்டோனியோ, டென்வர் போன்ற ஊர்களின் செய்தியைத் தூக்கி, டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்திலிருந்து மொத்தமாகத் தயாரித்து அனுப்ப முடிவெடுத்தார்கள். கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போகிற ஜனங்கள் பார்க்கிற செய்தி, எங்கிருந்து வந்தால் என்ன என்ற எண்ணம். கம்பெனி கை மாறி, அரசு விதித்த நிபந்தனையும் சேர்ந்து, 2011-க்குப் பிறகுதான் உள்ளூர்ச் செய்தி அங்கே திரும்பியது.

ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ இன்னும் தெளிவான உதாரணம். சின்க்ளேரின் நிலையம். 2017-ல் வாசிப்பை இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்டுக்கு மாற்றினார்கள். 2023-ல் அதையும் நிறுத்திவிட்டு, நாடு முழுமைக்கும் ஒரே சமையலான 'நேஷனல் டெஸ்க்' என்ற நிகழ்ச்சியை ஓடவிட்டார்கள். அதே வருடம் ஆரெகன் மாநிலத்தின் மெட்ஃபோர்டிலும் இதே கதை. முதலில் வாசிப்பவர் வேறு ஊர்க்காரர், அப்புறம் செய்தியே வேறு ஊர்ச் செய்தி. ஊர் பெயர் மட்டும் திரையின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் செய்யச் சட்டம் எப்படி விட்டது? சட்டத்தையும் மாற்றித்தான் செய்தார்கள். மூன்று வருட உரிமம் 1981-ல் ஐந்து வருடமானது, 1996-ல் எட்டு வருடமானது. ஊர் மக்களைச் சந்தித்து உங்கள் பிரச்சினை என்ன என்று நிலையம் கேட்க வேண்டும் என்ற விதி 1984-ல் போனது. இரு பக்கத்துக்கும் இடம் கொடு என்ற விதி 1987-ல் போனது. ஒரு கம்பெனி இத்தனை நிலையம்தான் வைத்திருக்கலாம் என்ற எண்ணிக்கை வரம்பு 1996-ல் போனது. கடைசியாக 2017 அக்டோபரில், உரிமம் வாங்கிய ஊரிலோ பக்கத்திலோ நிலையத்துக்கு ஒரு ஸ்டூடியோ இருக்க வேண்டும், அதில் ஆள் இருக்க வேண்டும் என்ற பழைய விதியை எஃப்.சி.சி. 3க்கு 2 என்ற வாக்கில் தூக்கிப் போட்டது. இனி ஒரு கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருந்தால் போதுமாம்! மெட்கர் எவர்ஸ் இன்று இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவார்? "எண் ஒன்றை அழுத்தவும், எண் இரண்டை அழுத்தவும்" என்று இயந்திரம் சொல்லும்.

இரண்டு எதிர்வாதங்கள் வரும். இரண்டையும் நேராகவே சந்திப்போம்.

முதல் வாதம்: டிவிக்கு வருமானம் இல்லை, இளைஞர்கள் பார்ப்பதில்லை, விளம்பரம் கூகுளுக்குப் போய்விட்டது, என்ன செய்வார்கள்? விளம்பரம் போனது உண்மை. ஆனால் தேர்தல் வந்தால் விளம்பரப் பணம் கொட்டுகிறது. அது போகக் கேபிள் கம்பெனிகள் தரும் மறுஒளிபரப்புக் கட்டணம் இருக்கிறது. 2019-ல் கிரே என்ற கம்பெனி ரேகாம் என்ற கம்பெனியை 360 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அந்த மூட்டையில் ஜாக்சனின் டபிள்யூ.எல்.பி.டி.யும் ஒன்று. செத்த மாட்டுக்கா இந்த விலை? கடன் வாங்கி நிலையங்களை வாங்குகிறார்கள், அந்தக் கடனை அடைக்கச் செய்தி அறையை வெட்டுகிறார்கள்.

இரண்டாவது வாதம் நம் பையன்களே சொல்வது: "கையில செல்போன் இருக்கு தோழர், டிவி எதுக்கு?" ஃபெர்குசனில் முதலில் படம் எடுத்ததும் உலகத்துக்குச் சொன்னதும் அந்தத் தெரு ஜனங்கள்தான். அதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் செல்போன் பிணத்தைக் காட்டும். ஏழு வருடம் ஒரு பெண் கட்டிய அபராதத்தைக் காட்டாது. அதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பயப்படாமல், அதே ஊரில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்க ஒரு ஆள் வேண்டும்.

நம்பிக்கைக்கு ஒன்று சொல்கிறேன். 2025 சனவரியில் ஆலன் மீடியா என்ற கம்பெனி, தன் இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்களில் உள்ளூர் வானிலைக்காரர்களை எடுத்துவிட்டு அட்லாண்டாவிலிருந்து மொத்தமாக வானிலை சொல்லப்போவதாக அறிவித்தது. அதில் மிசிசிப்பியின் டுபெலோவும் உண்டு. சூறாவளி அடிக்கிற பூமி. எந்தத் தெருவை நோக்கி வருகிறது, எந்தப் பாலத்துக்குக் கீழே போகாதே என்று பேர் சொல்லி எச்சரிக்கிறவனைத்தான் அங்கே சனங்கள் நம்பியிருக்கிறார்கள். ஊர் ஊராகக் கொந்தளித்தார்கள். சில நாட்களிலேயே கம்பெனி பின்வாங்கியது. இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று: அந்தக் கம்பெனியின் முதலாளி பைரன் ஆலன் ஒரு கறுப்பர். நம்மாள் முதலாளியாகிவிட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் யோசிக்கட்டும். முதலாளி யார் என்பது முக்கியம்தான். அவன் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது அதைவிட முக்கியம்.

தங்கைக்கு என் பதில் இதுதான். அண்ணல் அம்பேத்கர் 1946-ல் கறுப்பர்களின் அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் படி வேண்டும் என்று கேட்டார். அவர்கள் எப்படித் தட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். 1972-ல் பம்பாயில் நம் இளைஞர்கள் சிறுத்தைகள் என்று பேர் வைத்ததும் அங்கிருந்து எடுத்துத்தான். அவர்களுடைய போராட்டத்தைப் படித்த நாம், அவர்கள் ஜெயித்ததை எப்படிப் பறிகொடுத்தார்கள் என்பதையும் படிக்க வேண்டாமா? ஜாக்சனில் அவர்களை வெளியே நிறுத்தியது நிறவெறி. அதை எதிர்க்க முடிந்தது. பிறகு வந்தது கணக்குப் புத்தகம். அது யாரையும் வெறுக்கவில்லை. ஆனால் நிறவெறி செய்ததையே செய்து முடித்தது.

"நம்ம சேரிக்குள்ள எந்த டிவிக்காரன் வந்தான்?" என்று கேட்டாய் அல்லவா? வரவில்லை. நமக்குக் கதவு இன்னும் கட்டப்படவே இல்லை. ஆகவே ஜாக்சனில் 1964-ல் செய்த வேலையை நாம் செய்வோம். பெரிய செலவில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஏழு நாள். உங்கள் ஊர்க் கேபிள் சேனலோ, உங்கள் மாவட்டச் செய்தி தரும் எந்தத் தொலைக்காட்சியோ, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தினமும் ராத்திரிச் செய்தியைப் பார்த்து எழுதுங்கள். எத்தனை செய்தி? அதில் சேரியிலிருந்து எத்தனை? சேரிச் செய்தியில் சேரிக்காரர் பேசினாரா, அதிகாரி பேசினாரா? கைதானவனை 'அவர்' என்றார்களா, 'அவன்' என்றார்களா? 'இரு தரப்பு' என்ற வார்த்தை எத்தனை தடவை வந்தது?

எழுதியதை நமக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் ஊர்வாரியாக, எண்ணிக்கையோடு வெளியிடுவோம். அதை எடுத்துக்கொண்டு அந்தந்த நிலையத்தின் வாசலுக்குப் போவோம். முதல் கணக்கு, அந்தத் தங்கை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

தோழமையுடன்,
ஆசிரியர்